சிவனொளிபாத மலைக்கு 22 பேர்: யாழ்ப்பாணத்திலிருந்து எப்படிப் போகலாம்?

வடலி:
பெப்ரவரியில யாழ்ப்பாணத்திலிருந்து 22 பேர் கோஸ்டர் பஸ் பிடிச்சுச் சிவனொளிபாதம் போக இருக்கிறம். அறுபதைத் தாண்டினவை 4 பேர், அதில ஒராளுக்கு முழங்கால் வருத்தம். பத்து வயசுக்குக் கீழே 3 பிள்ளையள். வெள்ளி இரவு வெளிக்கிட்டு, சனி இரவு ஏறி, ஞாயிறு சூரியன் பார்த்திட்டு உடனே திரும்புறதுதான் இப்பத்தைய பிளான். அந்தக் கிழமை போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வருது. சரிவருமோ? எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கோணும்?

மஸ்கெலியா மேடு:
முதல்ல நாளை மாத்துங்க. டிசம்பர் போயாவிலிருந்து மே மாதம் வெசாக் வரைக்கும் சீசன். பெப்ரவரியில மழை குறைவு, அதனால மாதம் நல்ல தேர்வுதான். ஆனா போயாவும் சனிக்கிழமையும் சேர்ந்தா படியில நிக்கத்தான் இடம் இருக்கும். சாதாரண நாள்ல 3 முதல் 4 மணித்தியாலத்துல ஏறுற மலைக்கு அன்னைக்கு 6, 7 மணித்தியாலம் எடுக்கும். கடைசிப் படிகள்ல வரிசை நகராது, சூரியன் வரும்போது பாதிப் பேர் கீழேயே நிப்பாங்க. பஸ்ஸையும் அடிவார ஊரான நல்லதண்ணிக்கு வெளியே தள்ளித்தான் நிறுத்த வேண்டி வரும். செவ்வாய், புதன் கிடைச்சா அதுதான் சரி.

அடுத்தது டிரைவர். நீங்க ஏறுற நேரத்துல அவர் தூங்கிக்குவார்னு எல்லாரும் கணக்குப் போடுறாங்க. கடைச் சத்தத்துலயும் ஒலிபெருக்கியிலயும் பஸ்ஸுக்குள்ள யாராலயும் தூங்க முடியாது. அப்புறம் கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகள்ல அவரை நம்பி 22 பேர். காலையில யாழ்ப்பாணத்தை விட்டு, கண்டி, கினிகத்தேனை வழியா சாயந்தரம் நல்லதண்ணி வந்து, அறை எடுத்து 8 மணிக்கே படுங்க. டிரைவருக்குத் தனி அறை. ஏறி இறங்கினதும் அவரை உடனே கிளப்பாம, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படுங்க.

கம்பளிப் போர்வை:
நேரம்: பெப்ரவரியில சூரிய உதயம் ஏறக்குறைய 6.25. கூட்டமில்லாத நாள்ல பிள்ளைகளோட போறவங்க 1.30க்கும், வேகமா நடக்கிறவங்க 2.30க்கும் தொடங்கினாப் போதும். 11 மணிக்கே ஏறி 3 மணிக்கு உச்சியில போய் உட்கார்ந்தா, 2243 மீற்றர் உயரத்துக் காத்து எலும்பு வரைக்கும் போகும்.

அதைவிடப் பெரிய தொல்லை வேர்வை. ஏறும்போது ஜம்பர் போட்டு நனைஞ்சவங்கதான் மேலே போய் நடுங்குவாங்க. மெல்லிய சட்டையோட ஏறுங்க. ஜம்பர், காது மூடுற தொப்பி, மாத்துச் சட்டை ஒண்ணு எல்லாம் பையில இருக்கட்டும். உச்சிக்கு முன்னால கடைசிக் கடையில சட்டையை மாத்திக்கலாம். மேலே சப்பாத்தைக் கழற்றணும், தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதனால காய்ஞ்ச காலுறை ரெண்டு சோடி. ஆளுக்கு 1 லீற்றர் தண்ணி போதும், வழி நெடுக டீக் கடை இருக்கு. மேலே போகப் போக விலையும் ஏறும், சில்லறை வைச்சுக்கோங்க.

சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கையே பார்த்துட்டு இறங்கிடுவாங்க. உடனே மேற்குப் பக்கம் போங்க. முகில் மறைக்காட்டி மலையோட முக்கோண நிழல் பள்ளத்தாக்கு மேல விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்துல சுருங்கிப் போயிடும்.

வடலி:
நன்றி. முழங்கால் வருத்தம் உள்ளவரை என்ன செய்யிறது? வராம இருக்கமாட்டார்.

படிக்கட்டு:
ஏறிடுவார், இறக்கம்தான் பிரச்சினை. 5500 படி வரைக்கும் இருக்கு, ஒரே உயரமும் இல்லை. இறங்குற ஒவ்வொரு படியிலயும் உடம்புப் பாரம் முழுக்க முழங்கால்லதான். அவரை ஜப்பானிய சமாதான விகாரை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. அதுவரை பாதை பெரும்பாலும் லேசான ஏற்றம், உச்சியும் நல்லாத் தெரியும். சீத கங்குல ஓடைக்கு மேலதான் செங்குத்து தொடங்குது. கூட ஒரு ஆள் இருக்கணும். "மேலே போய்ப் பார்ப்போம்"னு பாதி வழியில முடிவெடுக்க விடாதீங்க, கீழேயே பேசி முடிச்சிருங்க.

22 பேரும் ஒண்ணா நடக்கப் பார்த்தா எல்லாருக்கும் கெடுதி. வேகமானவங்க நின்னு நின்னு குளிர்வாங்க, மெதுவானவங்க அவசரப்பட்டு மூச்சு வாங்குவாங்க. மூணு குழுவாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கடைசியா வர ஒரு ஆளை வைங்க. அவருக்குப் பின்னால யாரும் தங்கக் கூடாது. பிள்ளைகள் சட்டைப் பையில போன் நம்பர் எழுதின துண்டு இருக்கட்டும்.

இன்னொண்ணு, இதைக் குழுவுல எல்லாருக்கும் சொல்லுங்க: உச்சியிலிருந்து வேற பாதையும் இறங்குது, அது பலாபத்தல, இரத்தினபுரி பக்கம். கூட்டத்தோட கூட்டமா அதுல இறங்கினா வேற மாவட்டத்துல போய் நிப்பீங்க, பஸ் சுத்தி வர அரை நாள் போயிடும். படியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி "நல்லதண்ணியா? ஹட்டன் பக்கமா?"ன்னு அங்க இருக்கிற பொலிஸ்கிட்டயோ கடைக்காரர்கிட்டயோ கேட்டுட்டு இறங்குங்க.

மஸ்கெலியா மேடு:
மேலே சொன்னது சரி. லைட் எரியுதேன்னு டோர்ச் எடுக்காம வராதீங்க, மின்சாரம் நின்னா படி தெரியாது. சாப்பாட்டைப் பொலித்தீன்ல கட்டாம வாழை இலையிலயோ டப்பாவிலயோ கொண்டு வாங்க. இது பாதுகாக்கப்பட்ட காடு, மிச்சக் குப்பை உங்களோடயே கீழே வரணும்.

வடலி:
சரி, போயாவை விட்டிட்டு அடுத்த கிழமை செவ்வாய்க்கு மாத்துறம். அறை எத்தனை எடுக்கோணும்?

மஸ்கெலியா மேடு:
டிரைவருக்கு ஒண்ணு, குடும்பங்களுக்கு நாலு பேருக்கு ஒண்ணுன்னு ஏழு எடுங்க. மறுநாள் 12 மணி வரைக்கும் அறை வேணும்னு முன்கூட்டியே பேசிடுங்க. இறங்கி வந்ததும் சுடுதண்ணியில குளிச்சுட்டுக் காலை நீட்ட இடம் இல்லேன்னா, யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ்ஸுல யாரும் காலை மடக்க முடியாது.