மிருதங்கத்தின் தொப்பி இரைந்தாலும் குறை, அடக்கினாலும் குறை: என்ன செய்வது?

கேள்வி (செம்பூர், மும்பை)
எங்கள் ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம், டைல்ஸ் தரை. ஒரு கோடியில் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (கனமான ஒலி தரும் இடது பக்கம்) பாட்டையே விழுங்கிவிடும். மைக் வாங்கி, அறையில் ஒலி எப்படி வருகிறது என்று அளக்கும் ஆர்.இ.டபிள்யூ மென்பொருளில் அளந்தேன்: 95 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் மேடு. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை நேர்கோடாக வரும்படி ஈக்வலைசர் (ஒவ்வொரு ஸ்தாயியின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டேன். இப்போது வயலின் காதைக் குத்துகிறது, தொப்பியில் கும்கி (உள்ளங்கையால் அழுத்தி எழுப்பும் வழுக்கலான நாதம்) இல்லை. அப்பா பழையபடியே வைக்கச் சொல்கிறார். சண்முகானந்தா அரங்கில் 40 வருஷம் கச்சேரி கேட்ட காது. அளவு சரி என்றால் எங்கள் ரசனை தப்பா?

பதில் (மாடுங்கா)
ரசனையில் தப்பே இல்லை சார், அந்த நேர்கோடுதான் தப்பு. நல்ல ஸ்பீக்கரை அறைக்குள் அளந்தால் கோடு கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குப் போகப்போக இறங்கித்தான் வரும். அதை நிமிர்த்தினால் வயலின் குத்தத்தான் செய்யும். உங்கள் ஹால் அளவுக்கு 250 ஹெர்ட்ஸுக்கு மேல் ஈக்வலைசரை எடுத்துவிடுங்கள். டைல்ஸில் பட்டுத் தெறிக்கும் சத்தத்துக்கு ஒரு ஜமுக்காளம் விரியுங்கள்; ஆனால் அது தொப்பியை ஒன்றும் செய்யாது.

அந்த 95 ஹெர்ட்ஸ் மேடு அறையின் வேலை: எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பி, சில ஹெர்ட்ஸில் மட்டும் பெருகும். 12 அடி என்றால் 3.66 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 94. சுவரை ஒட்டிய இடத்தில் இது உச்சம். 2 அடி முன்னே வந்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 3 அடி வந்தால் கிட்டத்தட்ட காணாமலே போகும், அதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட பள்ளத்தை எந்த ஈக்வலைசரும் நிரப்பாது.

கேட்டவர்
சோபாவை நகர்த்தினால் பால்கனிக்கு வழியில்லை. அதனால் ஈக்வலைசரை எடுத்துவிட்டு, கேட்கும்போது மட்டும் நாற்காலியை 2 அடி முன்னே போட்டேன். மேடு 5 டெசிபலாகிவிட்டது, வயலினும் சரியாகிவிட்டது! அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கனம் வேண்டுமாம். அந்த 5-ஐ அப்படியே விட்டுவிடவா?

பதில் (மாடுங்கா)
விடாதீர்கள், வெட்டுங்கள். அந்த மேடு ஒரே ஒரு சுரத்தை மட்டும் தூக்கும்; தொப்பியில் எந்த அடி விழுந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். 95-இல் மட்டும் குறுகலாக 5 டெசிபல் குறைத்துவிட்டு, அப்புறம் 150-க்குக் கீழே முழுவதையும் 3 டெசிபல் உயர்த்துங்கள். அப்பா கேட்கும் கனம் அதுதான். 3 போதுமா, 4 வேண்டுமா என்பதை அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். அங்கே மைக்குக்கு வேலையில்லை.

கேட்டவர்
4-இல் நிறுத்தினார். தனி ஆவர்த்தனம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நன்றி சார்.