ஜெயிக்க வச்சது நாம, சேர்மன் நாற்காலி மட்டும் அதே பழைய வீட்டுக்கா?

கால்வாய்க்கரையான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் தாமிரவருணிக் கரையில ஒரு பேரூராட்சிக்காரன், ஊர் பேரும் கட்சி பேரும் வேண்டாம், இங்க எழுதுனா நாளைக்கு டீக்கடைல வாசிச்சிருவாவ.

2016 அக்டோபர்ல பழைய கவுன்சிலருங்க காலம் முடிஞ்சது, அதுக்கப்புறம் 2022 பிப்ரவரி 19 வரைக்கும் நகராட்சி பேரூராட்சிக்கு எலக்சனே நடக்கல, அஞ்சு வருசத்துக்கு மேல தனி அலுவலர் கைலதான் ஊரு கெடந்தது, தெருவிளக்கு எரியலன்னு சொல்லக்கூட ஆளு கிடையாது. அதனாலதான் இந்தத் தடவ எங்க தெருவே சேந்து எறங்கி வேலை பாத்தோம். எங்க வார்டுல நின்னவன் லேப் டெக்னீசியன் படிச்ச பையன், கொரோனா ரெண்டாவது அலைல விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்குற மெசினத் தூக்கிட்டு வீடு வீடா போனவன். கட்சி பழைய கட்சிதான். ஆனா பாதி வார்டுல புதுப் பிள்ளைகள நிறுத்துனாவ, இனிமே ஊரு இவங்க கையிலதான்னு கட்சி ஒன்றியச் செயலாளரே மைக்கப் புடிச்சு சொன்னாரு. நம்பித்தான் போட்டோம். எங்க அய்யா ஆயுசுக்கும் வேற சின்னத்துக்குப் போட்டவரு, அவரையே மாத்திக் கூட்டிட்டுப் போனேன்.

22ஆம் தேதி ரிசல்ட்டு, மெஜாரிட்டி. மார்ச் 2 பதவி ஏத்தாவ, ஏத்த கையோட கட்சிக் கவுன்சிலர் அம்புட்டுப் பேரையும் குற்றாலத்துல ரூம் போட்டு வச்சிட்டாவ. 4ஆம் தேதி மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலருங்களே சேர்மனத் தேர்ந்தெடுக்கணும். எங்க ஊரு சேர்மன் பதவி பெண்களுக்கு ஒதுக்குனது. ஜெயிச்ச பொம்பளைகள்ல அங்கன்வாடில வேலை பாத்து ரிட்டையர் ஆன டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, ஊர்ல பாதிப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தவங்க, எல்லாரும் அவங்கன்னுதான் நெனச்சோம். கடைசில பாத்தா முன்னாள் சேர்மனோட மருமகளாம், தலைமைல இருந்து பேரு வந்துட்டாம். அந்த முன்னாள் நடுவுல கட்சி மாறிப் போயி திரும்பி வந்தவரு. அந்தப் புள்ள பிரச்சாரத்துக்குக்கூட சரியா வரல.

முதல் கூட்டம் நடந்தப்ப நான் வராந்தா ஜன்னல்கிட்ட நின்னு பாத்தேன். சேர்மன் நாற்காலில மருமக. செயல் அலுவலர் மேசைக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு மாமனாரு. ஃபைல் முதல்ல அவருகிட்டதான் போவுது, அவரு விரல எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமா புரட்டிட்டு "ம்"ங்காரு, அப்புறம் அந்தப் புள்ளகிட்ட போவுது, எங்க போடணுமோ அங்க அவரே விரல வச்சுக் காட்டுதாரு, அது கையெழுத்துப் போடுது. கூட்டத்துக்கு வந்த பொருள் என்னன்னா தினசரிச் சந்தை குத்தகை, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை ஏலம். கால்வாய்ல சாக்கடை விழுதே, அதத் தடுத்து வேற வழியா கொண்டு போறதுதான் முதல் வேலைன்னு வீட்டுக்கு வீடு நோட்டீஸ் குடுத்தாங்க. அதப் பத்தி ஒரு வரி இல்ல. அந்தத் தண்ணிலதான் பிசான நெல்லுக்கு நாத்துப் பாவுதோம்.

எங்க பையன்கிட்ட கேட்டா "அண்ணே, கட்சிக் கட்டுப்பாடு, நான் என்ன செய்ய"ங்கான். வயிறு எரியுது. யாருகிட்ட போயி கேக்க? அவனையா, கட்சியவா? அடுத்த எலக்சன் வரைக்கும் சும்மா இருக்கணுமா? வேற ஊர்ல இப்படி நடந்து யாராவது ஏதாவது செஞ்சிருந்தா சொல்லுங்க.

பழைய தொண்டன்

தம்பி, உங்க கோவம் புரியுது, ஆனா ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது. நான் முப்பது வருசத்துக்கு மேல கொடி கட்டுன ஆளு. ஆட்சில இல்லாத காலத்துல ஆபீசுக்கு வாடகை குடுத்தது யாரு, போலீஸ் ஸ்டேசன்ல நம்ம பையனப் புடிச்சு வச்சா ராத்திரி வக்கீலக் கூட்டிட்டுப் போனது யாரு, பூத் கமிட்டிக்கு உக்காந்தவனுக்கு ஒரு நேரம் சோறு போட்டது யாரு? இந்த சீனியருங்கதான். புதுப் பிள்ளைங்க ஜெயிக்கிற வருசத்துல வந்தாங்க, தோக்குற வருசத்துல வருவாங்களான்னு இன்னும் பாக்கணும்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், மனசுல உள்ளது. சீனியருக்குக் குடுத்தா எனக்கு வருத்தமே கிடையாது, கட்சி மாறிப் போயிட்டு வந்தவனுக்கும் அவன் வீட்டு மருமகளுக்கும் குடுக்கதுதான் பொறுக்க மாட்டேங்கு. அந்த அங்கன்வாடி டீச்சர் மாதிரி ஆளுதான் நெசமான சீனியர். எங்க ஊர்லயும் இதே கததான், எனக்கு விருப்ப மனு ஃபாரம்கூட கையில தரல, தலைவருக்கு வேண்டியவங்க பேர எழுதி முடிச்சிட்டுத்தான் எங்களக் கூட்டம்னு கூப்பிட்டாவ.

முக்கூடல்காரி

கால்வாய்க்கரையான் அண்ணாச்சி, அந்த பிளாஸ்டிக் சேர் கதைய வாசிச்சிட்டு எனக்கு ஆத்திரம் தாங்கல. பொம்பளைகளுக்குப் பாதி இடம்னு 2016ல சட்டத் திருத்தம் வந்தப்ப எங்க அம்மா பீடி சுத்திட்டே டிவில கேட்டுட்டு "இனி நம்ம ஆளும் போயி உக்காருவா"ன்னு சொன்னா. உக்காந்தது யாரு? தலைவரு பொண்டாட்டி, தலைவரு மருமக. பீடித் தட்ட மடில வச்சிக்கிட்டு பத்து வீட்டுப் பொம்பளைகளக் கூட்டிப் பேசி, பீஎஃப் பணம் வரலன்னா கம்பெனிலயே போயி சண்ட போடுற பொம்பளைக எங்க தெருவுல எத்தன பேரு இருக்காவ தெரியுமா. அவங்கள வார்டுக்கு நிறுத்துவாவ, சேர்மன்னு வந்தா மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டாவ.

இன்னொண்ணு, தப்பா எடுக்காதீங்க. அந்த மருமகப் புள்ள மேல மட்டும் கோவப்படாதீங்க, அதுக்கு வேண்டாம்னு சொல்ற உரிமை அந்த வீட்ல இருந்திருக்குமான்னு யோசிங்க. ஊர்ப் பொம்பளைக நாலு பேரு நேரா போயி அந்தப் புள்ளகிட்டயே பேசுங்க, மாமனார் இல்லாத நேரமா பாத்து. எங்க பக்கத்து ஊர்ல வீட்டுக்காரர் பேச்சக் கேட்டு வந்த ஒரு தலைவி ஒரு வருசத்துல ஃபைல அவளே வாசிச்சு அவளே கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டா. கூட்டம் நடக்கும்போது கவுன்சிலர் இல்லாத ஆளு எதுக்கு செயல் அலுவலர் பக்கத்துல உக்காந்திருக்காருன்னு உங்க பையன் எந்திரிச்சுக் கேக்கணும். அத அவன் கேக்கலன்னா அவனும் அந்த வீட்டு ஆளுதான்.

பாளையங்கோட்டை வாசகன்

வேருல உள்ள சிக்கல் மறைமுகத் தேர்தல்தான். 2011ல சேர்மனுக்குத் தனியா ஓட்டு, கவுன்சிலருக்குத் தனியா ஓட்டு, நாமதான் நேரடியா போட்டோம். 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் கொண்டு வந்து மேயர், நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் எல்லாத்தையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கணும்னு மாத்திட்டாங்க. அப்ப நம்மகிட்ட வந்து கும்பிடுற அவசியம் சேர்மனுக்குக் கிடையாது, மாவட்டச் செயலாளர் வீட்டு வாசல்ல நின்னா போதும். பழைய தலைவர்களுக்கு இதவிட வசதி என்ன வேணும்? ஊரு சம்மதிக்காத ஆளக்கூட ரூமுக்குள்ள வச்சு சேர்மன் ஆக்கிடலாம்.

கட்சிக் கட்டுப்பாடுன்னு அந்தப் பையன் சொல்றது முழுசா சரியில்ல. கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது 1985ல வந்த பத்தாவது அட்டவணை, எம்பி, எம்எல்ஏவுக்குத்தான். நம்ம ஊர் கவுன்சிலர் மாத்தி ஓட்டுப் போட்டா பதவி போவாது, கட்சியவிட்டு நீக்குவாங்க, அவ்வளவுதான். ஓட்டும் ரகசிய ஓட்டு. அவன் பயந்தது சட்டத்துக்கு இல்ல, அடுத்த சீட்டுக்கு.

மூத்தவங்க ஒதுங்கணும்னு சொன்னாலே கட்சி அழிஞ்சிரும்னு பேசுறவங்க 1963ஐ நெனச்சுப் பாக்கணும். காமராஜர் முதலமைச்சரா இருக்கும்போதே, பதவிய விட்டுட்டு கட்சி வேலைக்குப் போவோம்னு திட்டம் குடுத்து, தானே அக்டோபர் 2 ராஜினாமா செஞ்சாரு. மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன் ராம் எல்லாம் மத்திய அமைச்சர் பதவிய விட்டாங்க. இன்னைக்கு ஒரு முன்னாள் சேர்மன் மருமக பதவிய விட மாட்டேங்காரு.

பழைய தொண்டன்

வாசகரே, காமராஜர சொன்னீங்க சரி, முழுசாச் சொல்லுங்க. பதவிய விட்டுட்டுக் கட்சிய வளக்கப் போன அந்த மனுசனே 1967ல விருதுநகர்ல 1,285 ஓட்டுல ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தாரு. ரெண்டு வருசம் கழிச்சு 1969ல நாகர்கோவில் இடைத்தேர்தல்ல நின்னுதான் ஜெயிச்சாரு. என்னைக் கேட்டா, மேல உள்ளவங்க விலகுனா மட்டும் போதாது, கீழ ஊர் ஊருக்கு மிராசு மாதிரி உக்காந்திருக்கவங்க அப்படியேதான் இருந்தாங்க, சனங்க கோவம் அவங்க மேலதான், அடி விழுந்தது பெரியவருக்கு. இந்தத் தம்பி ஊர்லயும் அதுதான் நடக்கப் போவுது. முன்னாள் சேர்மன் பண்ணுத வேலைக்கு அடுத்த சட்டமன்றத்துல எம்எல்ஏ தோப்பாரு.

ராதாபுரத்தான்

எங்க தொகுதியப் பாருங்க. 2001ல அப்பாவு சுயேச்சையாவே நின்னு ஜெயிச்சாரு. 2016ல இதே ராதாபுரத்துல வெறும் 49 ஓட்டுல முடிவு மாறுச்சு, கேசு வருசக்கணக்கா நடந்தது. 49 ஓட்டுன்னா உங்க தெருல பாதிதான். உங்க தெரு வேலை பாக்காம வீட்ல உக்காந்தா என்ன ஆவும்னு மாவட்டச் செயலாளர்கிட்ட நேரா போயி சொல்லுங்க, ஊர்ல ஒன்றியத்துகிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல, அவரும் அந்த ரூம்லதான் இருந்திருப்பாரு.

அம்பை குமாஸ்தா

நான் உள்ளாட்சி ஆபீசுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். கோவத்த விட்டுட்டு காகிதத்தப் புடிங்க. கூட்டத்துக்கு முன்னாடி கவுன்சிலருக்கெல்லாம் கூட்டப் பொருள் வரும், அத உங்க பையன்கிட்ட வாங்கி தெருவுல ஒட்டுங்க, இது ஒண்ணு செஞ்சாலே பாதிப் பேருக்கு நடுக்கம் வரும். கால்வாய் சாக்கடையப் பொருளா வைக்கச் சொல்லி அவன் எழுத்துல மனு குடுக்கணும், வாயில சொன்னா காத்துல போயிரும், ரெண்டு பிரதி எழுதி ஒண்ணுல ஆபீஸ் சீல் வாங்கி வச்சுக்கணும். தீர்மானத்துல உடன்பாடு இல்லன்னா எதிர்ப்பத் தீர்மான நோட்டுல பதிவு பண்ணச் சொல்லணும், கட்சிக்காரனா இருந்தாலும் சொல்லலாம்.

குத்தகை, ஏலம் பத்தி சந்தேகம் இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, யாரு எவ்வளவுக்கு ஏலம் கேட்டாங்க, போன தடவ எவ்வளவுக்குப் போச்சு, தீர்மான நகல் குடுங்கன்னு கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும். ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க, நகல் மட்டும் கேளுங்க. ஏன்னு கேட்டா "இது தகவல் வரையறைக்குள் வராது"ன்னு ஒரே வரில எழுதி அனுப்பிருவாவ, நான் உள்ள இருந்து பாத்தது.

கால்வாய்க்கரையான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி இத அப்படியே எங்க பையன்கிட்ட காட்டுனேன், முக்கூடல் தங்கச்சி எழுதுனத ரெண்டு தடவ வாசிச்சான், ஒண்ணும் பேசல. அப்புறமா "மனு எழுதுவோம்ணே, அந்த சேர் விசயத்தையும் கூட்டத்துல நானே கேக்கேன்"ன்னான். கேப்பானான்னு அடுத்த கூட்டத்துல தெரியும், நான் ஜன்னல்கிட்ட நிப்பேன். டீச்சரையும் பாத்தேன், அவங்களும் மனுவுல கையெழுத்துப் போடுதேன்னுட்டாங்க. எங்க வீட்ல உள்ளவளும் மயினியும் சேர்மன் புள்ளயப் பாக்க வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சுப் பேசலாம்னு இருக்காவ.

குமாஸ்தா ஐயா, ஒரு சந்தேகம். சாக்கடை விழுத எடம் பேரூராட்சி எல்லைல இருக்கு, ஆனா கால்வாய் நீர்வளத்துறைக்குச் சொந்தம், முன்னாடி பொதுப்பணித்துறைல இருந்தது. மனு ரெண்டு பேருக்கும் குடுக்கணுமா, இல்ல இவங்களுக்குக் குடுத்துட்டு அங்க நகல் அனுப்புனா போதுமா?

அம்பை குமாஸ்தா

ரெண்டு பேருக்கும் தனித்தனியா குடுங்க. நகல் மட்டும் அனுப்புனா "அவங்க பாத்துக்கிடுவாங்க"ன்னு ரெண்டு பேரும் சொல்லுவாவ. சாக்கடை விழுத எடத்த காலைல தண்ணி தெரியுத மாதிரி போட்டோ எடுத்து, தேதியோட ரெண்டு மனுவுலயும் சேத்து வைங்க.