சிற்ப அறைகலனா, சிற்பக்கலனா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தானே சிற்பமாக நிற்கும் அறைகலனை (நாற்காலி, மேசை போன்ற வீட்டுச் சாமானை) ஆங்கிலத்தில் ‘ஸ்கல்ப்சுரல் ஃபர்னிச்சர்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பதிவில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

> ‘ஸ்கல்ப்சுரல் ஃபர்னிச்சர்’ என்பதைச் சிற்ப அறைகலன் என்றே வைக்கலாமே, இதில் என்ன சிக்கல்?

சிக்கல் ‘சிற்ப’ என்ற அடையில்தான். சிற்ப அறைகலன் என்றதும் சிங்கக்கால் வைத்த அரியணையும் பூங்கொடி செதுக்கிய கட்டிலும்தான் கண்ணில் வரும். அது சிற்பவேலைப்பாடு. நாம் பேசுவது வேறு. டச்சு வடிவமைப்பாளர் மார்செல் வாண்டர்ஸ் 1996-இல் செய்த முடிச்சு நாற்காலியைப் பாருங்கள். கார்பன் இழையை உள்ளே வைத்து, மேலே அராமிட் என்ற வலுவான செயற்கை இழையால் பின்னிய கயிறு. அதை நாற்காலி வடிவில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, காய்ந்தால் கெட்டியாகும் எபாக்சி பிசினில் ஊறவைத்துத் தொங்கவிட்டார். தொய்ந்த வளைவிலேயே கயிறு இறுகிவிட்டது. உள்ளே சட்டம் கிடையாது, எங்கும் உளி படவில்லை. ஆனாலும் முழு நாற்காலியும் சிற்பம்.

மரச்சாமான் என்ற சொல் இங்கே எடுபடாது, மரமே இல்லையே. தளபாடம் இலங்கையில் நன்றாகப் புழங்கும் சொல்தான். ஆனால் சிற்பத் தளபாடம் என்றாலும் அதே சிங்கக்கால் வந்து நிற்கும்.

> அப்படியானால் உருக்கலன்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் உருக்கு + கலன் என்று பிரித்து எஃகுப் பாத்திரத்தை நினைப்பார்கள். வேண்டாம்.

என் பரிந்துரை சிற்பக்கலன். சாரைப்பாம்பு போல இருபெயரொட்டாக, ‘சிற்பமாகிய கலன்’ என்று விரியும். சிற்ப அறைகலனையும் அப்படி விரிக்கலாம்தான். ஆனால் பிரித்து எழுதும்போது அது வெறும் அடையாகவே காதில் விழுகிறது.

‘அறை’யை விடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. விளக்கை அறைகலன் என்றால் பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபு நகரில் தொடங்கிய அகாரி விளக்குகள் மூங்கில் கீற்றின்மேல் முசுக்கொட்டைப் பட்டைத் தாளை ஒட்டிச் செய்தவை. அவர் சிற்பி. அந்த விளக்குகளையும் ஒளிச்சிற்பங்கள் என்றே சொல்கிறார்கள். அவற்றையும் நாற்காலியையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டும் என்பதுதானே நம் தேவை? கலன் என்றால் பாத்திரம் ஆகிவிடாதா என்ற கவலை வேண்டாம். அணிகலனிலும் படைக்கலனிலும் யாரும் சோறு வைப்பதில்லை.

> இவற்றைச் செய்யப் பயன்படுத்தும் வழக்கத்துக்கு மாறான பொருள்களை ‘மாற்றுப்பொருள்’ எனலாமா?

கூடாது. மாற்றுப்பொருள் என்றால் ஒன்று கிடைக்காதபோது அதற்குப் பதிலாக வைப்பது. கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி 1972-இல் ‘விகிள்’ நாற்காலியை நெளி அட்டையில் செய்தது மரம் கிடைக்காமல் அல்ல. நெளிவரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டினால் அட்டையே ஆளைத் தாங்கும், அதோடு அந்த வளைவும் கிடைக்கும் என்பதால்தான். கழிவுப்பொருள் என்பதும் பொருந்தாது. வாண்டர்ஸின் கயிறு கழிவா என்ன?

இன்னொரு டச்சு வடிவமைப்பாளர் மார்டன் பாஸ் இன்னும் குழப்புகிறார். 2002-இல் ‘ஸ்மோக்’ வரிசைக்காக, இருந்த மரச்சாமான்களையே தீயால் கருக்கி, கரியை எபாக்சியால் நிலைநிறுத்தினார். மரம் பழைய மரம்தான், செய்த காரியம்தான் வழக்கத்துக்கு மாறானது. ஆகவே இதற்குத் தனிக் கலைச்சொல் வேண்டாம் என்பது என் கருத்து. கட்டாயம் வேண்டுமென்றால் ‘மரபுசாராப் பொருள்’ போதும். மற்ற இடங்களில் நெளி அட்டை, கயிறு, கரி என்று அந்தந்தப் பெயரைச் சொல்லிவிடலாம்.

சரி, பதிவில் நாற்காலி ஒன்று, விளக்கு ஒன்று என இரண்டுக்கும் எடுத்துக்காட்டு போட்டுவிடுங்கள். அப்புறம், இதைச் செய்பவரைக் கலைஞர் என்றாலே போதும். ‘சிற்பக்கலனர்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.