கைகலப்பு ஒன்றே போதுமா?

பிழைதிருத்தி:
லண்டன் செய்தி ஒன்றைத் தமிழாக்கினேன். ஒரே பக்கத்தில் ஸ்கஃபிள், ப்ரால், மெலே, அஃப்ரே என்று நான்கு சொற்கள். நான்குக்கும் ‘கைகலப்பு’ என்றே போட்டேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே சொல்லைத் திரும்ப எழுதக் கூச்சப்பட்டு ஆங்கிலக்காரன் மாற்றி மாற்றிப் போடுகிறான், அவ்வளவுதான். அடி எல்லாம் அடிதானே?

குழாயடி:
நான் ஆசிரியர் பக்கம். ஸ்கஃபிள் என்றால் சட்டையைப் பிடிப்பது, நெட்டித் தள்ளுவது. யாராவது நடுவில் புகுந்து விலக்கினால் முடிந்துவிடும். நம் ‘தள்ளுமுள்ளு’. ப்ரால் என்றால் நாற்காலி பறக்கும், பெரும்பாலும் உள்ளே சரக்கும் போயிருக்கும். அதற்கு ‘அடிதடி’ இருக்கிறது. தமிழில் சொல் இருக்கிறது, நீங்கள்தான் எடுக்கவில்லை.

பிழைதிருத்தி:
சரி, அந்த இரண்டும் உங்களுக்கு. மெலே? பிரெஞ்சிலிருந்து வந்தது, மூலப்பொருளே ‘கலந்தது’. நாலைந்து பாட்டுகளைக் கலந்து பாடும் மெட்லியும் அதே வேர்தான். கையும் கையும் கலந்தால் கைகலப்பு. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

குழாயடி:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கைகலப்புக்கு இரண்டு பேர் போதும். மெலேவுக்குக் கும்பல் வேண்டும், யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியக்கூடாது.

வாய்தா:
இருவரும் அஃப்ரேயைத் தொடாமல் நழுவுகிறீர்கள். அது வர்ணனை இல்லை ஐயா, குற்றத்தின் பெயர். இந்திய தண்டனைச் சட்டத்தில் 159, 160ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 194. இரண்டு பேராவது பொது இடத்தில் சண்டை போட்டு, பொது அமைதி கெட வேண்டும். வீட்டுக்குள் அண்ணன் தம்பி கட்டிப் புரண்டால் அஃப்ரே ஆகாது.
உங்கள் செய்தியோ லண்டன். அங்கே 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம். ஒரே ஆள் வன்முறையில் இறங்கினாலும், மிரட்டினாலும் போதும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் தன் பாதுகாப்புக்குப் பயப்படும்படி இருந்தாலே அஃப்ரே. தனி இடமானாலும் சரி. வெறும் வாய்ப்பேச்சு மட்டும் கணக்கில் வராது. ஒரே ஆள் யாரோடு கைகலப்பான்?

பிழைதிருத்தி:
இது தெரியாது. அடி வாங்கிக்கொள்கிறேன்.

திண்ணை:
இடையில் ஒன்று. டோனிப்ரூக் என்றும் ஒரு சொல் உண்டு. டப்ளினில் ஓர் ஊர். 1204இல் அனுமதி பெற்ற சந்தை, குடியும் அடியுமாகப் பேர் கெட்டு 1855இல் நின்றது. சந்தை போயும் சண்டைக்கு ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது. அயர்லாந்துக்காரரை மட்டம்தட்டும் சொல், அதையெல்லாம் நாம் மதித்து மொழிபெயர்க்க வேண்டுமா?

குழாயடி:
நாம் மட்டும் யோக்கியமா? தண்ணீருக்காகக் காலையில் குடத்தோடு நின்ற பெண்களை வைத்துத்தானே ‘குழாயடிச் சண்டை’ என்றோம். என் புனைபெயரே அதற்காக வைத்ததுதான்.

வாய்தா:
அசால்ட்டை விட்டுவிட்டீர்கள். ‘அசால்ட்டா முடிச்சுட்டான்’ என்று நாம் சொல்வது வேறு. இந்தியச் சட்டத்தில் ஆளைத் தொடவே வேண்டாம். இப்போது அடிவிழும் என்று எதிராளி நினைக்கும்படி முஷ்டியை ஆட்டினாலே அசால்ட். கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவதும் அப்படியே. சட்டத்திலேயே இந்த உதாரணம் இருக்கிறது. பத்திரிகைகளோ கண்ணை மூடிக்கொண்டு ‘தாக்கினார்’ என்று எழுதுகின்றன. அடிக்காதவனை அடித்தவனாக்குவது தமிழ் வறுமையா, சோம்பலா?

குழாயடி:
சோம்பல்தான். ‘என் மேல கை ஓங்கிட்டான்’ என்று பஞ்சாயத்துக்குப் போகிறவருக்குத் தெரிந்த வித்தியாசம் இது. கை ஓங்குவது வேறு, கை வைப்பது வேறு.

பிழைதிருத்தி:
‘கை ஓங்கினார்’ நாய்க்குப் பொருந்தாது, இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். அஃப்ரேக்கு என்ன போடட்டும்?

வாய்தா:
‘பிறர் அஞ்சும்படி வன்முறையில் ஈடுபடுதல் அல்லது மிரட்டுதல்’.

பிழைதிருத்தி:
தலைப்பில் எனக்கு இருப்பது மூன்று சொல்லுக்கு இடம்.