மறு: சேர்க்கைக்காகத் தரும் இலவச இணையப் பாடம் – சொல் வேண்டும்

கோவை:
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துத் தரவேண்டும். பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய ஓப்பன்லேர்ன் தளம் பற்றியது. பாடம் இலவசம், பிடித்துப்போனவர் கட்டணப் படிப்புக்கு வருவார் என்பது கணக்கு. ‘டேஸ்டர் கோர்ஸ்’ என்கிறார்கள். ‘சுவைப்புப் பாடம்’ என்று எழுதினேன். சமையல் குறிப்பா என்று கேட்கிறார் பதிப்பாசிரியர்.

மதுரை:
தூண்டிற்பாடம். குறள் 931, ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’, அதாவது இரை என்று நம்பி மீன் தூண்டில் முள்ளை விழுங்கியது போல. புணர்ச்சிகூட வள்ளுவரே செய்து வைத்திருக்கிறார்.

கோவை:
ஐயா, சொல் அழகு. ஆனால் கட்டுரை திட்டவில்லையே! கட்டணப் படிப்பில் சேராதவரும் பாடத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போகிறார். இரையைத் தின்றுவிட்டு மீன் அப்படிப் போகுமா?

டொராண்டோ:
‘மூக்’ (MOOC, யாரும் சேரக்கூடிய பெருந்திரள் இணையப் பாடம்) என்றே எழுதுங்கோ, எங்கட பிள்ளையளுக்கு விளங்கும். அந்தப் பெயர் பிறந்ததே 2008இல் இங்கே கனடாவில், மனிட்டோபாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பாடத்தால்தான். கட்டணம் கட்டியவர் 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர் 2,200 பேரளவில். அப்போது யாரும் தூண்டில் போடவில்லை.

மதுரை:
வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாது. உகரம் சேர்த்தால் மூக்கு. சளிக்கு மருந்தா என்பார்கள்.

நெல்லை:
கொசுறு?

தஞ்சை:
கொசுறு வாங்கிய பிறகு கேட்பது தம்பி. இது வாங்கும் முன்னே. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, ‘பதப்பாடம்’ என்றால் என்ன? இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தரும் வழங்கல் சங்கிலி (சப்ளை செயின்) பாடங்களை இணையத்தில் சும்மா படிக்கலாம்; பணம் கட்டித் தேறிச் சான்றிதழ் வாங்கி, பிறகு இடமும் கிடைத்தால், வளாகத்தில் ஒரு பருவம் படித்தே முதுநிலைப் பட்டம் பெறலாம். மாணவர் பல்கலைக்கழகத்தைப் பதம் பார்க்கிறார், அதுவும் அவரைப் பதம் பார்க்கிறது. (பர்ஸையும்.)

மதுரை:
பதபாடம் என்பது வேதம் ஓதும் முறைகளில் ஒன்று. தனித்தமிழ் வேண்டிப் போய் அங்கேயா நிற்பது?

தஞ்சை:
சொல் என்னும் பதம் வேறு, சோற்றுப் பதம் வேறு ஐயா. குறள் 548இல் ‘எண்பதத்தான்’ வருகிறதே, அணுக எளியவன் என்று. ‘எண்பதப் பாடம்’ என்றாலும் எனக்குச் சம்மதம்.

நெல்லை:
எண்பது பாடமா என்று கேட்பார்கள். அதுபோகட்டும், ‘பாடம்’ மட்டும் தமிழா? தூண்டிற்பாடத்திலும் பாதி வடமொழிதானே.

கோவை:
இன்று வெள்ளி, மணி நான்கு. மூவர் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு ‘பதப்பாடம்’ என்று அனுப்பினேன். பதிப்பாசிரியர் ‘முன்னோட்டப் பாடம்’ என்று மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

டொராண்டோ:
நான் சம்மதம் சொன்னதாக நினைவில்லை.

மதுரை:
முன்னோட்டம் சினிமாவுக்கு. என் மறுப்பு இழையில் இருக்கட்டும். ‘பாடம்’ பற்றி நெல்லை கிளப்பியது சரியான கேள்வி. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.