6 லிட்டர் பெட்டி, அடைத்த குரல்: குற்றம் குழாயிலா, கிராஸ்ஓவரிலா?

மரத்தூள்

மேசையில் கணினித் திரைக்கு இருபக்கமும் வைக்க ஒரு ஜோடி ஸ்டீரியோ ஸ்பீக்கர் செய்து முடித்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. கேட்கத்தான் முடியவில்லை.

விவரம் இது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பெட்டி, உள்ளளவு அகலம் 14, ஆழம் 18, உயரம் 26 செ.மீ. ஸ்பீக்கரும் தாங்குகட்டையும் பிடிக்கும் இடம் போக 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸுக்கும் குரலுக்கும் 5 இன்ச் வூஃபர்; அதன் தாளில் எஃப்.எஸ். (கோனின் சொந்த ஒத்ததிர்வு) 50 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த ஒத்ததிர்வு எவ்வளவு முழங்கும் என்ற எண்) 0.38, வி.ஏ.எஸ். (கோனின் பிடிப்புக்குச் சமமாக ஸ்பிரிங் தரும் காற்று) 12 லிட்டர் என்று போட்டிருக்கிறது. உச்சச் சுரங்களுக்கு 1 இன்ச் துணி டோம் ட்வீட்டர். நடுவில், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக்கொடுக்க, '3000 ஹெர்ட்ஸ், 8 ஓம்' என்று அச்சிட்ட ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு. பின்பக்கம் 5 செ.மீ. விட்டம், 12 செ.மீ. நீளத்தில் பி.வி.சி. குழாய்.

குறை இரண்டு. எந்தப் பாட்டைப் போட்டாலும் பாஸ் ஒரே சுருதியில் 'பூம் பூம்' என்கிறது. டிரம்மும் பாஸ் கிட்டாரும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. இரண்டாவது, பாடுகிறவர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பாடுவது போலிருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

பழையகாது

தம்பி, முதல் வேலையாக ஒரு பழைய காலுறையைச் சுருட்டி அந்தக் குழாயில் திணி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 6 லிட்டர் காற்றோடு அந்த அளவுக் குழாயைச் சேர்த்தால் அது ஏறக்குறைய 79 ஹெர்ட்ஸில் ஊதும். காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே சுருதி வருமே, அதே கதைதான். பாட்டில் 80ஐ ஒட்டி எது வந்தாலும் குழாய் அதைப் பிடித்துக்கொண்டு முழங்குகிறது. அதற்குக் கீழே சரிவு.

அதே விட்டத்தில் 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் குழாய் 35 செ.மீ. நீளம் வேண்டும். உன் பெட்டியின் ஆழமே 18. சரி, 3.5 செ.மீ. குழாய்க்கு மாறினால் பதினாறரை செ.மீ. போதும். ஆனால் குழாயின் வாய்க்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே ஒன்றரை செ.மீ.தான் மிஞ்சும், சத்தத்தைக் கூட்டினால் காற்று 'புஸ் புஸ்' என்று சீறும். இவ்வளவு சின்னப் பெட்டிக்குக் குழாய் ஆகாது. மூடிவிடு. 1954இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரில் செய்து காட்டியதே இதுதான்: அடைபட்ட காற்றையே கோனுக்கு ஸ்பிரிங்காக்கினார். உன் வூஃபருக்கு மூடிய 6 லிட்டரில் க்யூ, அதாவது முழங்கும் எண், 0.66 வருகிறது. இழுவை இல்லாத, இறுக்கமான பாஸ்.

டிஜிட்டல்தாசன்

குழாய்க் கணக்கில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் சண்டை. மூடினால் இந்த வூஃபரின் ஒத்ததிர்வு 50லிருந்து 87 ஹெர்ட்ஸுக்கு ஏறும். 93லேயே 3 டெசிபெல் போய்விடும். 50க்கு வரும்போது 10 டெசிபெல் காலி. 'இறுக்கமான பாஸ்' என்பது பல நேரம் 'பாஸ் இல்லை' என்பதற்கு மரியாதையான பெயர்.

மரத்தூள், அந்த போர்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒரு டி.எஸ்.பி. பலகை (ஒலியை எண்ணாக்கித் திருத்தும் சில்லு), நான்கு சேனல் கிளாஸ்-டி ஆம்ப். வூஃபருக்கு ஒரு சேனல், ட்வீட்டருக்கு ஒரு சேனல். கிராஸ்ஓவர் புள்ளி, சரிவு, தாமதம் எல்லாம் திரையில் எண்ணை மாற்றினால் மாறும். பெட்டியை மூடியே வைத்துக்கொண்டு கீழே விழுந்த பாஸை லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற ஃபில்டரில் தூக்கிவிடலாம். காயில் சுற்றுவது, கன்டென்சர் மாற்றுவது என்று ஏன் அல்லாட வேண்டும்?

பழையகாது

தூக்கிவிடலாமாம்! 10 டெசிபெல் தூக்க ஆம்ப் 10 மடங்கு வாட் தர வேண்டும். 5 வாட்டில் பாடிக்கொண்டிருந்த இடத்தில் 50. கோன் மூன்று மடங்குக்கு மேல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 5 இன்ச் வூஃபர் அதைத் தாங்குமா? ஹாஃப்மன் விதி என்று ஒன்று இருக்கிறது: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். உன் மென்பொருள் அந்த விதிக்கு விலக்கு வாங்கி வரவில்லை.

டிஜிட்டல்தாசன்

விலக்கு கேட்கவே இல்லையே. மூன்றாவதை விட்டுக்கொடுக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். வாட் இன்று பெரிய விஷயமில்லை. கோன் ஓட்டத்துக்குக் கணக்கே போட்டுவிடுவோம். இந்த அளவு வூஃபரின் கோன் பரப்பு 85 சதுர செ.மீ. என்று வைப்போம், ஒரு பக்கமாக 4 மி.மீ. ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸில், சுவரோ தரையோ உதவாத வெளியில், 1 மீட்டரில் ஒரு ஸ்பீக்கர் 81 டெசிபெல் தரும். ஜோடி சேர்ந்தால் 87. மேசையில் காது 70 செ.மீ. தூரத்தில்தான், இன்னும் 3 கூடும். பக்கத்து அறையில் நடனமாட இது போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது மேசைக்கு.

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு சத்தம் அளவு மீறாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரும் போட்டால் வூஃபர் பத்திரம்.

ஒற்றைக்கோன்

இரண்டு பேரும் சண்டை போடுவதே கிராஸ்ஓவர் இருப்பதால்தான். பாஸிலிருந்து உச்சம் வரை தானே பாடும் 8 செ.மீ. ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று போடுங்கள். போர்டும் வேண்டாம், டி.எஸ்.பி.யும் வேண்டாம். ஒரே புள்ளியிலிருந்து குரல் வரும்போது முன்னால் ஆள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும்.

டிஜிட்டல்தாசன்

நேர் எதிரே தலையை அசைக்காமல் உட்கார்ந்தால் இருக்கும். 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 செ.மீ.; 8 செ.மீ. கோன் அதை டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் அடிக்கும். நாற்காலியில் சாய்ந்தால் சிம்பல் காணாமல் போகும்.

ஒற்றைக்கோன்

நான் சாய்வதில்லை.

அளவுகோல்

மரத்தூள் இரண்டு குறை சொன்னார். மூன்று பேரும் பாஸைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கைக்குட்டை வைத்த குரலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. பாஸ் குறைந்த ஸ்பீக்கரைப் பொறுத்துக்கொண்டு கேட்டுவிடலாம், குரல் கெட்டதைக் கேட்க முடியாது.

அந்த போர்டில் '8 ஓம்' என்று எழுதியிருப்பதை முதலில் சந்தேகப்படுங்கள். 8 ஓம் என்பது வூஃபருக்கு வைத்த பெயர், எல்லா அதிர்வெண்ணிலும் அதே எண் நிற்காது. வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸ் 0.5 மில்லி ஹென்றி என்றால் அது மட்டுமே 3000 ஹெர்ட்ஸில் 9.4 ஓம். கம்பியின் 6 ஓம் டி.சி. மின்தடையோடு சேர்த்தால் 11ஐத் தாண்டும். 8க்குக் கணக்கிட்ட ஃபில்டர் 11இல் 3000இல் வெட்டாது. வூஃபர் மேலே ஏறி ட்வீட்டரின் இடத்திலும் பாடும். அந்த போர்டு உங்கள் வூஃபரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாதவருக்குத் தைத்த சட்டை எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. அதிர்வெண் இரட்டிக்கும்தோறும் 12 டெசிபெல் சரியும் ஃபில்டரில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் போகிற சிக்னல்கள் ஒன்றுக்கொன்று நேரெதிர் ஃபேஸில் இருக்கும். அதனால் வழக்கமாக ட்வீட்டர் வயரை மாற்றிப் போடுவார்கள். நீங்கள் பிளஸ்ஸுக்கு பிளஸ் கொடுத்திருந்தால் 3000 பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். குரலின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஊகம் போதும், அளந்து பாருங்கள். ஒரு யு.எஸ்.பி. அளவீட்டு மைக், ஆர்.இ.டபிள்யூ. என்ற ஒலி அளவீட்டு மென்பொருள் (இலவசம்). ஸ்பீக்கரை உயரமான ஸ்டூலில் வைத்து ட்வீட்டர் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். அதே உயரத்தில் 1 மீட்டர் தள்ளி மைக். தரையில் பட்டு வரும் ஒலி 4 மில்லி செகண்ட் பிந்தித்தான் வரும்; அதற்கு முன் வெட்டிவிட்டால் அறையின் கலப்பு இல்லாத கோடு கிடைக்கும். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கோட்டை நம்பாதீர்கள். பாஸுக்கு மைக்கைக் கோனை ஒட்டி வைத்துத் தனியாக எடுங்கள். ஒலிப் பொறியாளர் டான் கீல் 1974இலேயே காட்டிக்கொடுத்த வழி.

பழையகாது

அம்மா, கணக்கெல்லாம் சரி. ஆனால் பாட்டு கேட்பது மைக் இல்லை, காது. பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கர் என்ன பெரிய பெட்டியா? 5 லிட்டர்தான், மூடியது, குழாய் இல்லை, டி.எஸ்.பி. இல்லை. 1970களில் வந்தது, குரலுக்காக இன்றும் தேடி அலைகிறார்கள். அதைச் செய்தவர்களுக்குக் காது இருந்தது.

அளவுகோல்

ஐயா, அதைச் செய்தவர்கள் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவுக்காரர்கள். அதன் வேரே ஸ்டுடியோக்களின் சின்ன மாதிரி வடிவங்களைச் செய்து ஒலியியல் சோதித்த வேலையில் இருக்கிறது. அளந்து, கேட்டு, மறுபடி அளந்து பிறந்த ஸ்பீக்கர் அது. அதன் கிராஸ்ஓவரில் எத்தனை பாகங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு டிரைவர்களுக்கென்றே செய்தது. ரெடிமேட் போர்டு போட்டிருந்தால் இன்று யாரும் தேடி அலையமாட்டார்கள்.

மரத்தூள்

நான்கு நாள் கழித்து வருகிறேன். மைக்கை நண்பரிடம் கடன் வாங்கினேன்.

முதலில் காலுறை. திணித்த உடனே பூம் பூம் அடங்கியது, பாஸ் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரிகிறது. பாஸின் அளவு குறைந்ததும் உண்மை.

அப்புறம் அளவீடு. அளவுகோல் சொன்ன இடத்தில் குழி. 2800 ஹெர்ட்ஸை ஒட்டி 14 டெசிபெல் ஆழம்! ட்வீட்டரின் இரண்டு வயரை மாற்றிச் சாலிடர் செய்து மறுபடி எடுத்தேன். குழி மறைந்து 2, 3 டெசிபெல் மேடுபள்ளம்தான் மிச்சம். இரண்டு வாரம் மரவேலையை நொந்துகொண்டேன், குற்றம் இரண்டு வயரில் இருந்திருக்கிறது.

ஆனால் குரல் இப்போது மெலிந்துவிட்டது. 300லிருந்து 1500 வரை கோடு மெல்ல மேலே ஏறுகிறது, 5 டெசிபெல் அளவுக்கு. இது என்ன?

டிஜிட்டல்தாசன்

பேஃபிள் ஸ்டெப். முன்பலகையைவிட அலைநீளம் பெரிதாக இருக்கும்போது ஒலி பின்பக்கமும் வழிந்துவிடும். சின்னதானால் எல்லாம் முன்னால்தான் வரும். 115ஐ மீட்டரில் பலகை அகலத்தால் வகுத்தால் மாறுகிற இடம் தோராயமாகக் கிடைக்கும். உங்கள் பெட்டியின் வெளி அகலம் 17.6 செ.மீ.; 650 ஹெர்ட்ஸ். திறந்த வெளியில் முழு வித்தியாசம் 6 டெசிபெல். மேசையும் பின்சுவரும் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதால் 4 சரிசெய்தால் போதும்.

இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். டி.எஸ்.பி.யில் ஒரு ஷெல்ஃப் ஃபில்டர் (ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே அல்லது மேலே உள்ளதை மொத்தமாக ஏற்றி இறக்குவது), ஒரு நிமிட வேலை.

பழையகாது

4.7 ஓம் ரெசிஸ்டரும் 1.2 மில்லி ஹென்றி காயிலும் பக்கவாட்டில் (பேரலலாக) சேர்த்து, போர்டுக்கு முன்னால் தொடராகப் போடு. அதே வேலை, ஒரு சாலிடர் நேரம். கை தேர்ந்தவர்கள் இப்படித் தனியாகப் போடமாட்டார்கள், வூஃபரின் காயிலையே பெரிதாக்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். உனக்கு இப்போதைக்கு இது போதும். சத்தம் 4 டெசிபெல் குறையும், ஆம்பைக் கொஞ்சம் திருகிக்கொள். காயிலைப் போர்டில் உள்ள காயில்களுக்கு அருகில் வைக்காதே. வைத்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வை.

மரத்தூள்

பாட்டு வருவதே கணினியிலிருந்துதான். ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளில் 650இல் ஷெல்ஃப் போட்டு 4 டெசிபெல் சரிசெய்து பார்த்துவிட்டேன். பலகையும் வாங்கவில்லை, சாலிடரும் செய்யவில்லை. குரலுக்கு உடம்பு வந்துவிட்டது. கீழே 60 ஹெர்ட்ஸுக்கு 5 டெசிபெல் தூக்கியும் பார்த்தேன், மேசையில் கேட்கிற அளவுக்கு வூஃபர் முனகவில்லை.

டிஜிட்டல்தாசன்

அதுவும் டி.எஸ்.பி.தான் ஐயா, பலகையில் இல்லாமல் கணினியில் ஓடுகிறது. நான்கு சேனல் ஆம்ப் வாங்கச் சொன்னது இவருக்கு அதிகப்படி, அதைத் திரும்பப் பெறுகிறேன். (பின்னாளில் யாராவது ட்வீட்டரை ஆம்பில் நேராகக் கொடுத்தால் தொடராக 20 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர் ஒன்று போட்டுவிடுங்கள். ஆம்பை ஆன் செய்யும்போது வரும் 'டப்' ஒன்றே ட்வீட்டரைத் தின்றுவிடும்.)

பழையகாது

நாளைக்கு அதே ஸ்பீக்கரில் போனை நேராகச் சொருகினால்? மெலிந்த குரல் திரும்ப வந்து உட்காரும். பெட்டிக்குள் இருக்க வேண்டிய வைத்தியம் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். ரெசிஸ்டர், காயிலைப் போடு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

காலுறையை அப்படியே விட்டுவிடாதே. அது காற்றை முழுக்க அடைக்காது. குழாயை வெளியே எடுத்து, ஓட்டைக்கு ஏற்ற எம்.டி.எஃப். வட்டம் அறுத்துப் பசை போட்டு மூடு. காய்ந்ததும் வூஃபர் கோனை மெதுவாக உள்ளே அழுத்திவிட்டுக் கையை எடு. சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி அடைபட்டிருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கோ கசிகிறது.

மரத்தூள்

செய்கிறேன் ஐயா. வூஃபரை இதுவரை மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன், எம்.டி.எஃப்.இல் இரண்டு திருகு இப்போதே சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. ரெசிஸ்டர், காயில் போட வேண்டுமென்றால் நான்காவது முறை திறக்க வேண்டும்.

அளவுகோல்

அந்த ஓட்டைகளைப் பெரிதாக்கி, மரை உள்ள பித்தளை இன்சர்ட் வைத்து, மெஷின் ஸ்க்ரூ போடுங்கள். எட்டுத் திருகையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். நான்காவதோடு நிற்காது.