உதவி: வியட்நாம், 16 நாள், 11 ஊர். எதை வெட்டுவது?

கோவைக்காரன்:
நவம்பர் 3 காலை ஹனோயில் இறங்குகிறோம். 18 இரவு ஹோ சி மின் நகரிலிருந்து திரும்புகிறோம். விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. நானும் நண்பனும், ஆளுக்கொரு முதுகுப்பை. நண்பன் சைவம்.

போட்டு வைத்திருக்கும் வழி: ஹனோய், சாப்பா, ஹா ஜியாங், ஹா லாங், நின் பின், ஃபாங் நா, ஹுவே, ஹோய் ஆன், டா லாட், ஹோ சி மின் நகரம், ஃபூ குவோக். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் ஆறு இரவுகள் பஸ்ஸிலும் ரயிலிலுமே கழிகின்றன. எதை விட்டால் வருத்தம் குறைவாக இருக்கும்? ஹா ஜியாங்கில் பைக் வாடகைக்கு எடுத்து நானே ஓட்ட ஆசை. சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டேன்.

நாடோடி:
ஊர்ப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் மழையைப் பாருங்கள். நமக்கு ஐப்பசியில் அடைமழை கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கே கடலைக் கடந்து வந்து ட்ருவோங் சோன் மலைத்தொடரில் மோதுகிறது. ஃபாங் நா, ஹுவே, ஹோய் ஆன் மூன்றும் அந்த மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்கள். அக்டோபரும் நவம்பரும்தான் அங்கே வெள்ளக் காலம். 2020இல் அந்தப் பகுதி பட்ட பாடு செய்தியில் வந்தது. ஹோய் ஆனில் து போன் ஆறு ஏறினால் பழைய தெருக்களில் படகுதான் ஓடும்.

அதே நாட்களில் வடக்கே வானம் தெளிந்து, ஹா ஜியாங் மலைகளில் பக்வீட் என்ற தானியப் பயிர் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். ஆகவே நாட்களை வடக்கில் கொட்டுங்கள். ஃபாங் நாவை அடித்துவிடுங்கள்: அங்கே போவதே குகைகளுக்குத்தான், ஆறு பெருகினால் குகைக்குப் படகு விடமாட்டார்கள். மலைக்கு ஹா ஜியாங் இருக்கும்போது சாப்பா எதற்கு? நின் பின்னில் நெல்வயலுக்கு நடுவே சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்த பிறகு, அதே மாதிரிக் குன்றுகள் கடலில் நிற்கும் ஹா லாங்கை அடுத்த முறைக்கு வைக்கலாம். ஃபூ குவோக் கடற்கரை. அதற்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரட்டைச்சக்கரம்:
உரிமம் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் தரும் சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவதை. உங்கள் கையில் இருக்கும் புத்தகம் அங்கே வெறும் காகிதம். வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் வண்டியைக் கொடுத்துவிடுவார், அதை நம்பாதீர்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் அபராதம். விழுந்து அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதே செல்லுபடியாகும் உரிமத்தைத்தான்.

உள்ளூர்க்காரர் ஓட்ட, நாம் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு உண்டு. 'ஈஸி ரைடர்' என்று கேளுங்கள். எனக்கும் முதலில் மானப் பிரச்சினையாகத்தான் இருந்தது. ஹா ஜியாங்கின் மா பி லெங் கணவாயில் ஒரு வளைவில் கீழே நோ குவே ஆறு பச்சை நூல் போலத் தெரிந்தது. நான் ஓட்டியிருந்தால் என் கண் எதிரே வரும் லாரியில் இருந்திருக்கும்.

மல்லிகா:
நின் பின்னுக்கு இரண்டு இரவாவது கொடுங்கள். அங்கே டாம் கோக் என்ற இடத்தில் படகுக்காரம்மா சாய்ந்து உட்கார்ந்து காலாலேயே துடுப்புப் போடுவார். நான் குகையைப் பார்க்காமல் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பருக்கு: 'சாய்' என்றால் சைவம். பலகையில் அந்தச் சொல் இருக்கும் கடைக்குள் நுழைந்தால் போதும். மற்ற கடைகளில் காய்கறி என்று சொல்லிக் கொடுத்தாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். ஹுவே பௌத்த ஊர், சைவக் கடைக்குக் குறைவில்லை.

இன்னொன்று, அந்த ஊர்ப் பணமான டாங்கில் 20,000 டாங் தாளும் 500,000 டாங் தாளும் இரண்டுமே நீலம். மங்கலான வெளிச்சத்தில் தேநீருக்குப் பெரியதை நீட்டினேன். நம் பணத்தில் 1,600 ரூபாய்க்கு மேல். அந்தப் பாட்டி என் கையைத் தட்டி, பர்ஸிலிருந்து சரியான தாளை அவரே உருவிக்கொண்டார். எல்லோரும் அந்தப் பாட்டியாக இருக்கமாட்டார்கள்.

ரயில்பித்தன்:
மழைக்குப் பயந்து ஹுவேயை விடுவதை நான் ஒப்பமாட்டேன். அரசர் கல்லறைகள் தூறலில்தான் அழகு. ஹுவேயிலிருந்து டா நாங் சுமார் 100 கிலோமீட்டர், ரயில் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு ஹாய் வான் கணவாயைச் சுற்றிப் போகும். இடப்பக்க ஜன்னல் கேளுங்கள், கடல் அந்தப் பக்கம். ஹோய் ஆனுக்கு ரயில் நிலையம் இல்லை, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் சாலையில் போகவேண்டும். அங்கிருந்து மி சோன் அரை நாள். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள், 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பாதி போயிற்று. மிச்சமே நம்மை நிறுத்திவைக்கும்.

நாடோடி:
தூறல் வேறு, வெள்ளம் வேறு. தண்டவாளம் மூழ்கினால் உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? ஹுவேயை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆனால் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாக மட்டும் பதிவு செய்யுங்கள். நின் பின்னில் இருக்கும்போது வானிலை பார்த்து முடிவெடுங்கள்.

கோவைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. திருத்திய வழி: 3 ஹனோய். 4 பகல் பஸ்ஸில் ஹா ஜியாங். 5 முதல் 8 வரை மலைச்சுற்று, பின்னால் உட்கார்ந்துதான் (நண்பன் சிரித்து முடிக்கவில்லை). 9, 10 நின் பின். 11 இரவு ரயிலில் ஹுவே. 14 ஹோய் ஆன். 16 டா நாங்கிலிருந்து விமானத்தில் ஹோ சி மின் நகரம். இ-விசாவும் வந்துவிட்டது, ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர்.

கோவைக்காரன்:
நவம்பர் 10, நின் பின்னிலிருந்து. ஹா ஜியாங்கில் நான்கு நாளும் வெயில். இங்கே வந்து பார்த்தால் ஹுவேக்கு அடுத்த ஐந்து நாளும் கனமழை அறிவிப்பு. விடுதி அம்மா தன் அக்கா ஹுவேயில் இருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்: மோட்டார் சைக்கிளைத் திண்ணை மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரயில் டிக்கெட்டைக் கொஞ்சம் பிடித்தத்தோடு ரத்து செய்துவிட்டோம். ஹனோய் திரும்பி, 12ஆம் தேதி விமானத்தில் டா லாட். சரிதானே?

நாடோடி:
சரி. டா லாட் 1,500 மீட்டர் உயரம், இரவில் குளிரும், ஸ்வெட்டரை மூட்டையின் அடியில் போடாதீர்கள். மிஞ்சும் நாளில் மெக்காங் ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கும் கான் தோ நகரத்துக்குப் போய் விடியற்காலையில் கை ராங் மிதக்கும் சந்தையைப் பாருங்கள்.

ரயில்பித்தன்:
அந்த இடப்பக்க ஜன்னல் அப்படியே இருக்கும். அடுத்த முறை மார்ச்சில் வாருங்கள்.